ரெவிட் வியூவில் மறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெவிட்டில் (கட்டடத்தை முப்பரிமாண மாடலாகக் கட்டும் மென்பொருள்) புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். மாடலை ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள். ஷீட்டில் (அச்சுக்குப் போகும் தாள்) ஒரு தூணோ குழாயோ டேக் (பொருளின் பெயர், எண் காட்டும் குறி) மேல் ஏறி நின்றதும், அதைக் கண்ணிலிருந்து அகற்ற முதலில் கைக்கு வந்த கட்டளையை அழுத்திவிடுவார்கள். மறைப்பதற்குப் பதில் டிலீட் அடிப்பதை இங்கே எடுக்கவில்லை. அது அடுத்த வியூவிலேயே (மாடலைக் காட்டும் பிளான் போன்ற ஒரு காட்சி) தெரிந்துவிடும். வாரக்கணக்கில் தெரியாமல் இருந்து, பிரிண்ட் போன பிறகு வெளிவரும் தவறுகள்தான் இங்கே.

கண்ணாடி வேறு, பல்பு வேறு

வியூவின் அடியில் இருக்கும் பட்டையில் மூக்குக்கண்ணாடிப் படம் போட்ட பட்டன் தற்காலிக மறைப்புக்கு; பல்புப் படம் போட்டது மறைந்தவற்றைக் காட்டுவதற்கு. கீபோர்டில் எச்-எச் அடித்தால் தேர்ந்தெடுத்த பொருள் மறையும், எச்-சி அடித்தால் அந்தக் கேட்டகரியே (கதவு, தூண் போன்ற பொருள்வகை) மறையும், எச்-ஐ அடித்தால் தேர்ந்தெடுத்தது மட்டும் நிற்கும், எச்-ஆர் அடித்தால் எல்லாம் திரும்பும். அந்த நேரத்தில் வியூவைச் சுற்றி வெளிர்நீலக் கட்டம் இருக்கும். ப்ராஜெக்ட்டை மூடினால் இந்த மறைப்பு போய்விடும். வேலை செய்யும்போது வழிவிட்டு நிற்க வைப்பதற்கு இதுதான் சரியான கருவி.

அதே மெனுவில் ‘அப்ளை ஹைட்/ஐசோலேட் டு வியூ’ என்று ஒரு வரி உண்டு. அதை அழுத்தினால் தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். நீலக் கட்டம் மறைவதைப் பார்த்து மறைப்பு நீங்கியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தற்காலிக மறைப்பை நீக்க அடிக்க வேண்டியது எச்-ஆர் மட்டுமே.

ஷீட்டுக்குப் போகும் வியூவில் எலிமென்ட்டாக மறைப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்று இழுத்துவிடும் செலவுக்கு ஈடாகாது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ‘ஹைட் இன் வியூ’, ‘எலிமென்ட்ஸ்’. அல்லது ஈ-எச். இரண்டு நொடி வேலை. ஷீட் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும்.

இதற்குக் கை போவதற்கு ஒரு காரணம் உண்டு. ஷீட் வியூக்களில் பெரும்பாலும் வியூ டெம்ப்ளேட் (பல வியூக்களின் காட்சி அமைப்புகளை ஒன்றாகக் கட்டுப்படுத்துவது) போட்டிருப்பார்கள். டெம்ப்ளேட் கேட்டகரிகளைக் கட்டுப்படுத்தும்போது ‘ஹைட் இன் வியூ’ மெனுவில் ‘கேட்டகரி’ மங்கிக் கிடக்கும். ‘எலிமென்ட்ஸ்’ மட்டும் அழுத்தக் கிடைக்கும். பூட்டிய கதவை விட்டுவிட்டுத் திறந்திருக்கும் ஜன்னல் வழியாக நுழைவது மாதிரிதான் இது. டெம்ப்ளேட்டின் கட்டுப்பாடு எலிமென்ட் மறைப்பைத் தொடுவதில்லை. பிறகு டெம்ப்ளேட்டை எத்தனை முறை அப்ளை செய்தாலும் மறைத்தது மறைந்தே இருக்கும்.

அப்படி மறைத்த தூணுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். அதன் டேக் கூடவே மறையும். அதைத் தொட்டுப் போட்ட டைமென்ஷனும் மறையும். வியூவை டூப்ளிகேட் செய்தால் மறைப்பும் சேர்ந்து போகும்; ஆக ஒரு தளத்தின் ஃப்ளோர் பிளானிலிருந்து டைமென்ஷன் பிளான், ஃபயர் பிளான், ஃபினிஷ் பிளான் என்று பிரித்தால் மூன்றிலும் அந்தத் தூண் இருக்காது. ஆனால் ஷெட்யூலில் (மாடலில் உள்ள பொருட்களின் பட்டியல்) இருக்கும். ஷெட்யூல் மாடலை எண்ணுகிறது, வியூவை அல்ல. கதவு ஷெட்யூலில் 48, பிளானில் எண்ணினால் 47 என்று வரும் குழப்பங்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. அடுத்து உட்காரும் ஆள் பிளானைப் பார்க்கிறார், கிரிட் (தூண் வரிசைக் கோடுகள்) சந்திப்பில் தூண் இல்லை, விட்டுப்போயிருக்கிறது என்று அதே இடத்தில் ஒன்றை வைக்கிறார். அதே டைப் (ஒரே அளவு, வடிவம் கொண்ட வகை), அதே இடம் என்றால் ரெவிட் எச்சரிக்கும்: ஒரே மாதிரியான பொருட்கள் ஒரே இடத்தில் உள்ளன, ஷெட்யூலில் இருமுறை எண்ணப்படும் என்று. ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகள் குவிந்த ஃபைலில் இதை யாரும் படிப்பதில்லை. டைப் வேறாக இருந்தால் இந்த எச்சரிக்கைகூட வராது. 300க்கு 600 மில்லிமீட்டர் தூண், 3 மீட்டர் உயரம் என்றால் ஒன்றுக்கு 0.54 கன மீட்டர் கான்கிரீட் கூடுதலாக எண்ணப்படும். இப்படிப் பத்துத் தூண்கள் என்றால் 5.4 கன மீட்டர். அளவுப் பட்டியல் தயாரிப்பவர் இந்த எண்ணை நம்பித்தான் விலை போடுகிறார்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. ‘செலக்ட் ஆல் இன்ஸ்டன்சஸ், விசிபிள் இன் வியூ’ கொடுத்து எல்லாக் கதவுகளையும் புது டைப்புக்கு மாற்றும்போது, மறைந்திருக்கும் கதவு தேர்வில் வராது. பழைய டைப்பிலேயே தங்கிவிடும். அதேபோல் இன்று 60 ஸ்பிரிங்க்ளர்களைத் தேர்ந்தெடுத்து மறைத்தால், நாளை சேர்க்கும் 61ஆவது ஷீட்டில் தனியாக நிற்கும். ஈ-எச் அன்றைக்கு இருந்த பொருட்களை மட்டுமே அறியும், இனி வரப்போகிறவற்றை அறியாது.

ஆகவே ஷீட்டில் மறைப்பது விதியாக இருக்க வேண்டும். முழுக் கேட்டகரியும் வேண்டாம் என்றால் டெம்ப்ளேட்டுக்குள் போய் அந்த டிக்கை எடுங்கள். கேட்டகரியில் சில மட்டும் வேண்டாம் என்றால் ஃபில்ட்டர் (பண்பைப் பார்த்துப் பொருட்களைப் பிரிக்கும் விதி). அதற்கும் இயல்பான பண்பு எதுவும் கைகொடுக்காவிட்டால் ஒரு பராமீட்டரை (பொருளுக்கு நாமே சேர்க்கும் பண்பு) உண்டாக்குங்கள்:

‘மேனேஜ்’ டேபில் ‘ப்ராஜெக்ட் பராமீட்டர்ஸ்’ திறந்து, ‘ஷீட்டில் மறை’ போன்ற பெயரில் ஒன்று சேர்க்கவும். வகை ‘யெஸ்/நோ’, ‘இன்ஸ்டன்ஸ்’ (ஒவ்வொரு பொருளுக்கும் தனி மதிப்பு). தேவையான கேட்டகரிகளுக்கு மட்டும் டிக். பிறகு ‘வியூ’ டேபில் ‘ஃபில்ட்டர்ஸ்’, புதியது, அதே கேட்டகரிகள், விதி: அந்தப் பராமீட்டர் ‘யெஸ்’ஸுக்குச் சமம். விதியை ‘நோ’ மேல் எழுத வேண்டாம்; யாரும் தொடாத பெட்டி சாம்பல் நிற டிக்கோடு நிற்கும், அது யெஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை. கடைசியாக வியூ டெம்ப்ளேட்டின் ஃபில்ட்டர் பகுதியில் இதைச் சேர்த்து ‘விசிபிலிட்டி’ டிக்கை எடுக்கவும்.

முதல் முறை பத்து நிமிடம் பிடிக்கலாம். அதன்பின் எது மறைந்திருக்கிறது என்று ஒரு ஷெட்யூல் போட்டே பார்க்கலாம். ஈ-எச்சில் மறைத்ததற்கு அப்படி ஒரு பட்டியலே கிடைக்காது.

ஏற்கெனவே மறைத்துக் குவித்த ஃபைல் கையில் வந்தால், ஒவ்வொரு ஷீட் வியூவிலும் பல்பு பட்டனை அழுத்தவும், அல்லது ஆர்-எச். வியூவைச் சுற்றிக் கருஞ்சிவப்புக் கட்டம் வரும், மறைந்தவை அதே நிறத்தில் தெரியும். முறையாகக் கேட்டகரியில் மறைத்த செக்‌ஷன் குறிகளும் இதில் கலந்து தெரியும் என்பதால் பயப்பட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேலே ரிப்பனைப் பாருங்கள்: ‘அன்ஹைட் எலிமென்ட்’ ஒளிர்ந்தால் கையால் மறைத்தது, ‘அன்ஹைட் கேட்டகரி’ ஒளிர்ந்தால் முறையாக மறைத்தது. முதல் வகையை மட்டும் திரும்பக் கொண்டுவரவும்.

வெள்ளை மாஸ்கிங் ரீஜனால் மூடுவது

செய்யாதீர்கள். அடியில் இருப்பதை மூட வரையும் திட்டுதான் மாஸ்கிங் ரீஜன். பொருள் நகரும், வெள்ளைத் திட்டு அங்கேயே நிற்கும்.

இடிக்கப்போகும் சுவரைக் கையால் மறைப்பது

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலைகளில் இது வாடிக்கை. புது பிளானில் பழைய சுவர் தெரியக்கூடாது என்று ஈ-எச் அடிப்பார்கள். சுவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ‘ரூம் பவுண்டிங்’ (அறையின் எல்லையாக எண்ணு) டிக் அப்படியே இருக்கும். அறை இரண்டு துண்டாகவே இருக்கும், பரப்பளவு தவறாக வரும், அறை ஏன் விரியவில்லை என்று ஒரு மணி நேரம் போகும்.

இதற்குத்தான் ஃபேஸ் (கட்டுமானக் கட்டம்) இருக்கிறது. சுவரின் ‘ஃபேஸ் கிரியேட்டட்’ எக்ஸிஸ்டிங், ‘ஃபேஸ் டெமாலிஷ்ட்’ நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று வைக்கவும். இடிப்பு பிளானுக்கு ‘ஷோ ப்ரீவியஸ் + டெமோ’, புது பிளானுக்கு ‘ஷோ ப்ரீவியஸ் + நியூ’ என்ற ஃபேஸ் ஃபில்ட்டர். இரண்டு வியூவின் ஃபேஸும் நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்தான்.

டிபெண்டென்ட் வியூவில் மறைப்பது

டிபெண்டென்ட் வியூ என்பது ஒரு தாய் வியூவோடு பிணைந்த பிள்ளை வியூ. ஒன்றில் மறைத்தால் தாய் வியூவிலும் மற்றப் பிள்ளைகளிலும் மறையும்.

லிங்க்கில் டேப் அழுத்தி ஒவ்வொன்றாக மறைப்பது

லிங்க்காக (நம் ஃபைலில் இணைத்த வேறு மாடல்) வரும் ஆர்க்கிடெக்ட் மாடலில் உள்ள நாற்காலிகளை டேப் தட்டித் தட்டித் தேர்ந்து மறைக்கலாம். ஆனால் அவர் ஒரு நாற்காலியை அழித்துத் திரும்ப வைத்தால் அதற்குப் புது ஐடி. லிங்க்கை ரீலோடு செய்ததும் மறுபடி எதிரே வரும். வி-வி அடித்து ‘ரெவிட் லிங்க்ஸ்’ டேபில், ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ஸை ‘கஸ்டம்’ ஆக்கி, ஃபர்னிச்சர் கேட்டகரியை அங்கேயே அணைப்பது மேல். டேப் அழுத்த மறந்தால் முழு லிங்க்கும் மறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செக்‌ஷன் பாக்ஸை மறைத்துவிட்டு மறப்பது

முப்பரிமாண வியூவில் மாடலை வெட்டிக் காட்டும் பெட்டி இது. மறைத்தால் பெட்டிதான் மறையும், வெட்டு அப்படியே இருக்கும்.

காணவில்லை என்றதும் புதிதாக வரைவது

சுவர் வரைந்த உடனே, வரைந்தது இந்த வியூவில் தெரியவில்லை என்று ஒரு பெட்டி மூலையில் வரும். அதைத் தள்ளிவிட்டு இன்னொரு முறை, மூன்றாவது முறை என்று வரைகிறார்கள். மூன்று சுவர்களும் மாடலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். உடனே அன்டூ செய்யுங்கள், பிறகு தேடுங்கள்.

தேடும் வரிசை முக்கியம். முதலில் வியூவைச் சுற்றி நீலக் கட்டம் இருக்கிறதா. அடுத்து பல்பு. பல்பிலும் தெரியவில்லை என்றால் அது மறைக்கப்பட்டதே அல்ல, வியூவின் வரம்புக்கு வெளியே இருக்கிறது: வியூ ரேஞ்ச் (காட்டும் உயர வரம்பு), கிராப் (வியூவின் ஓர எல்லை), ஃபேஸ் மூன்றையும் பார்க்கவும். அந்தப் பொருள் இருக்கும் வொர்க்செட் (பலர் சேர்ந்து வேலை செய்ய மாடலைப் பிரித்த பகுதி) மூடியிருந்தாலும் பல்பு காட்டாது. சுவர் மட்டும் வராமல் மற்றதெல்லாம் வந்தால் வியூவின் ‘டிசிப்ளின்’ (எந்தத் துறைக்கான வியூ என்பது) பாருங்கள். ‘ஸ்ட்ரக்சுரல்’ என்று இருந்தால் பாரம் தாங்காத சுவர்களை ரெவிட் காட்டாது. சுவரின் ‘ஸ்ட்ரக்சுரல்’ டிக்கைப் போடுவது தீர்வு அல்ல, அது பொறியாளரின் மாடலைக் கெடுக்கும். அந்தப் பிளானுக்கு டிசிப்ளினை ‘கோஆர்டினேஷன்’ ஆக்கினால் போதும். டெம்ப்ளேட் பூட்டியிருந்தால் டெம்ப்ளேட்டில் மாற்றவும்.