ஆண்டறிக்கையில் ஆராய்ச்சிப் பக்கத்தை எழுதுவது எப்படி?

எங்கள் துறையின் ஆண்டறிக்கையை ஆறு வருடங்களாக நான்தான் தொகுக்கிறேன். கட்டுரைகளை எண்ணுவதில் தொடங்காதீர்கள். முதலில் ஆய்வகத்துக்குப் போய், "இந்த வருடம் புதிதாக என்ன கண்டீர்கள்?" என்று ஆய்வு மாணவர்களிடம் கேளுங்கள்.

பதிலை நாள், எடை, அளவோடு எழுதுங்கள். 'விண்வெளித் துறையில் மகத்தான சாதனை' என்றால் யார் மனதிலும் நிற்காது. 'அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில் பறந்தது' என்றால் நிற்கும்.

அப்புறம் காப்புரிமை. விண்ணப்பித்தது வேறு, வழங்கப்பட்டது வேறு. இரண்டையும் கலக்கவே கூடாது.

எதிர்காலத் திட்டத்தில் 'உலகத் தரம்' வேண்டாம். எந்தக் கருவி, எவ்வளவு பணம், யார் பொறுப்பு, எந்த மாதம் என்று சொல்லுங்கள். போன வருடம் சொல்லி முடியாமல் போனதையும் பக்கத்திலேயே போடுங்கள்.