நடுத்தர வல்லரசுகளின் மென்சக்தியை எடைபோடுவது எப்படி?

வளர்ந்துவரும் நடுத்தர வல்லரசுகளின் (பெரும் வல்லரசுகள் அல்லாத, ஆனால் செல்வாக்குள்ள துருக்கி, கொரியா போன்ற நாடுகளின்) மென்சக்தியைப் பற்றிக் கட்டுரை எழுத முனையும் மாணவர், முதலில் ரசிகர் எண்ணிக்கையைக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். கொரியத் தொடர்களைக் கடலூரில் எத்தனை பேர் பார்த்தாலும், அதனால் சியோலின் வெளியுறவு நோக்கம் எது நிறைவேறியது என்ற கேள்வி அப்படியே இருக்கும். மிரட்டியோ பணம் கொடுத்தோ அல்லாமல் ஈர்ப்பால் பிறரை இணங்கவைக்கும் ஆற்றலையே 1990-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை மென்சக்தி என்ற பெயரால் குறித்தார். ஆகவே இணங்கியவர் யார், எதற்கு இணங்கினார் என்று காட்டுவதே கட்டுரையின் வேலை.

மென்சக்தியின் கருவிகளை நேரில் பார்த்துப் பழகப் புதுச்சேரியே போதும். 1889-இல் தொடங்கிய, பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பழைய பேரரசு ஒன்றின் கருவிகள்தாம். ஆனால் துருக்கியின் யூனுஸ் எம்ரே நிறுவனமும் கொரியாவின் சேஜோங் மையங்களும் மொழி வகுப்பு என்ற அதே வழியில்தான் நடக்கின்றன. நிதி எங்கிருந்து வருகிறது, பயின்றவர் பின்னர் எங்கே போகிறார் என்று விசாரியுங்கள். (சொல்தா குடும்பங்களிடம், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய புதுச்சேரிக்காரர்களின் குடும்பங்களிடம், பேசும்போது, பிரான்சின் மீதுள்ள பற்றையும் அங்கிருந்து வரும் ஓய்வூதியத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது.)

அடுத்து, விளைவைச் சோதிக்க ஒரு வாக்கெடுப்பைத் தேர்ந்தெடுங்கள். துருக்கியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தற்காலிக இடத்துக்கு 2008-இல் 151 வாக்குகள் பெற்று வென்ற அந்நாடு, 2014-இல் ஸ்பெயினுடன் போட்டியிட்டு, இறுதிச் சுற்றில் வெறும் 60 வாக்குகளோடு தோற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் பண்பாட்டு மையங்களும் உதவித்தொகைகளும் பெருகவே செய்தன. ஆனால் எகிப்து உள்ளிட்ட அண்டைப் பகுதி அரசுகளோடு உறவு கசந்திருந்தது. கொள்கை விலக்கிவைத்தவரைப் பண்பாடு மட்டும் திரும்ப அழைத்துவர முடியாது என்பது என் கணிப்பு.

இணங்குவோருக்கு ஆகும் செலவையும் பாருங்கள். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியா கொண்டுவந்த யோகா நாள் தீர்மானத்தை 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. அதில் எவருக்கும் இழப்பில்லை. பாதுகாப்பு அவையில் இந்தியா கோரும் நிரந்தர இடமோ இன்னும் கைகூடவில்லை.

ஓர் எச்சரிக்கை: பாதுகாப்பு அவைத் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பு என்பதால், இன்ன நாடு இன்னாருக்கு வாக்களித்தது என்று எழுத இயலாது. நாடுவாரியான சான்று வேண்டுமெனில், பொதுச் சபையில் பதிவு வாக்கெடுப்பு நடந்த தீர்மானங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.