காலண்டரை நம்பாதீர்கள்: ஸ்காண்டிநேவியாவில் பறவையும் விட்டிலும் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விட்டில் எனும் இரவு அந்துப்பூச்சிகளை வெளிச்சம் காட்டிப் பிடிக்கும் பெட்டிதான் விளக்குப் பொறி. ஸ்வீடனில் புதிதாக விளக்குப் பொறி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் அதைத் தோட்டத்தில் வைக்கிறார்கள். கோடை வந்துவிட்டது, விடுமுறை, எங்கும் பூ. ஜூன் கடைசியில் வரும் மிட்சம்மர் திருவிழா இரவில் விளக்கைப் போட்டுவிட்டு விடிந்ததும் பெட்டியைத் திறந்தால் நாலைந்து பூச்சிதான் இருக்கும். உடனே விளக்கு சரியில்லை என்று இன்னும் பெரிய விளக்கு வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

விளக்கில் கோளாறு இல்லை. வானம்தான் காரணம். ஜூன் கடைசியில் ஸ்டாக்ஹோமில் இரவு முழுதாக இருட்டுவதே கிடையாது. இன்னும் வடக்கே, கிருனாவில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் விளக்குக்கு மதிப்பு. வெளுத்த வானத்தோடு அது போட்டி போட முடியாது. பூச்சிகள் வெளியே பறந்துகொண்டுதான் இருக்கும், நம் பெட்டிக்கு வராது, அவ்வளவுதான். நான் பார்த்தவரை இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்: ஒரு பருவத்தின் பழக்கத்தை அடுத்த பருவத்துக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போவது. வெளிச்சம் இவ்வளவு வேகமாக மாறும் நாட்டில் ஒரே முறை இரண்டு மாதம்கூடத் தாங்காது.

ஜூனில் என்னதான் செய்வது? பொறியை மூலையில் வைத்துவிட்டு, சூரியன் இறங்கும் நேரத்தில் ஹனிசக்கிள் கொடியின் அருகே போய் நில்லுங்கள். இளஞ்சிவப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த எலிஃபெண்ட் ஹாக்மாத் என்ற விட்டில் பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சுவதைப் பார்க்கலாம். அப்புறம், ஜூன் இரவு காதுக்கான இரவு. த்ரஷ் நைட்டிங்கேல், கிராஸ்ஹாப்பர் வார்ப்ளர், மார்ஷ் வார்ப்ளர் எல்லாம் நள்ளிரவில்தான் உற்சாகமாகப் பாடும். எப்போதாவது பிளைத் நாணல் கதிர்க்குருவியும் கேட்கும். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுப் புதர்களில் 'டக் டக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு முகம் காட்டாமல் ஒளியும் அதே குருவிதான். ஊரில் பாடாத அந்தப் பறவையின் முழுப் பாட்டைக் கேட்க வடக்கே வரவேண்டியிருக்கிறது.

இங்கே குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகளை அப்படியே நம்புவதால் வரும் தவறையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரவுப் பாடகர்களில் பல பறவைகள் குரல் திருடுபவை. மார்ஷ் வார்ப்ளர் ஐரோப்பியப் பறவைகளோடு, தான் குளிர்காலம் கழிக்கும் ஆப்பிரிக்காவின் பறவைக் குரல்களையும் சேர்த்துப் பாடும். செயலி வரிசையாகப் பத்துப் பெயர் காட்டும், புதரில் இருப்பது ஒரே ஒரு பறவை. வசந்தத்தில் ஸ்டார்லிங்கும் இதே வேலையைச் செய்யும். கூரை மேலிருந்து கர்லியூ என்ற கரையோரப் பறவையின் குரல் கேட்டால் முதலில் கூரையைப் பாருங்கள்.

விளக்குப் பொறிக்கு உண்மையான காலம் தென் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. இரவு நீண்டுவிட்டது, சூடு இன்னும் போகவில்லை. மேகம் மூடி, காற்று அடங்கி, கொஞ்சம் புழுக்கமாக இருக்கும் இரவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தெளிந்த வானமும் முழு நிலவும் நமக்கு அழகு, பொறிக்கு ஆகாது. தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ இளஞ்சூடான காற்று வீசும் நாளில் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று வையுங்கள். வலசை வரும் விட்டில்கள் அந்தக் காற்றோடுதான் வரும்.

பொறியை வைப்பதைவிட மறுநாள் காலை அதைக் கையாள்வதில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். ஆகஸ்டில் ஏழு மணிக்கு எழுந்து காபி போட்டுக்கொண்டு போனால் போதும் என்று நினைப்பது பெரிய பிழை. சூரியன் அதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிடும். வெயில் நேராக விழுந்தால் பெட்டிக்குள் சூடேறி, அடைந்திருக்கும் பூச்சிகள் படபடத்து இறக்கைச் செதில்களை உதிர்த்துக்கொள்ளும். உள்ளே முட்டை அட்டைகளை நெருக்கமாக அடுக்கி வைத்தால் குழிக்கு ஒன்றாக ஒண்டிக்கொள்ளும். பெட்டியை நிழல் விழும் பக்கமாக வைக்க வேண்டும்.

பறவை பார்ப்பவர் விட்டிலும் பார்க்கும்போது வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம்மூர் சாம்பல் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தமான கிரேட் டிட், பொறியின் அட்டவணையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும். ராபினும் அப்படித்தான். விடியும் முன்பே வந்து, பெட்டிக்கு வெளியே சுவரிலும் புல்லிலும் உட்கார்ந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றுவிடும். நாம் போகும்போது மிச்சம் கிடப்பது உதிர்ந்த இறக்கைகள்தான். எனவே முதலில் சுற்றுப்புறத்தைப் பாருங்கள், பெட்டியைப் பிறகு திறக்கலாம். விடும்போது புல்வெளியில் கொட்டாமல் அடர்ந்த செடிக்குள், தினமும் வேறு வேறு இடத்தில் விடுங்கள். ஒரே தோட்டத்தில் இரவு தவறாமல் விளக்கு எரிப்பதும் வேண்டாம். அந்தப் பூச்சிகளுக்குச் சாப்பிடவும் இணை சேரவும் இரவு தேவை.

தென் ஸ்வீடனில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஹார்னெட் எனும் பெரிய குளவியும் விளக்குக்கு வரும். அட்டையைக் கையால் புரட்டும் முன் ஓரத்தில் தட்டிப் பாருங்கள். பழைய மெர்க்குரி விளக்கு வைத்திருப்பவர்கள் மழைத்துளி படாதபடி மேலே மூடி போடவேண்டும், சூடான கண்ணாடி வெடித்துவிடும். புற ஊதாக் கதிர் கண்ணுக்கும் கெடுதல். இப்போது பலரும் எல்இடிக்கு மாறிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலுக்குள் வெளிச்சம் விழாமல் இருக்கவாவது அது உதவும்.

சரி, பறவைகளுக்கு வருவோம். 'இலையுதிர்கால வலசை' என்ற பெயரைப் பார்த்துவிட்டுச் செப்டம்பர் வரை காத்திருப்பது இன்னொரு காலண்டர் தவறு. கரையோரப் பறவைகளின் தெற்குப் பயணம் ஜூனிலேயே ஆரம்பித்துவிடும். பெண் கர்லியூக்களும் பெண் ஸ்பாட்டட் ரெட்ஷாங்குகளும் குஞ்சுகளை ஆணிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. மனிதர்கள் மிட்சம்மர் கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும் வாரத்தில் கடற்கரையில் இலையுதிர்காலம் தொடங்கியிருக்கும்.

ஸ்வீடனின் தென்மேற்கு நுனியில் இருக்கும் ஃபால்ஸ்டர்பூவில் 1973 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 தொடங்கி நவம்பர் 20 வரை ஒரே முறையில் வலசைப் பறவைகளை எண்ணுகிறார்கள். அங்கே போகிறவர்கள் நேரத்தில் தவறு செய்கிறார்கள். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து, நுனியில் இருக்கும் நாபென் என்ற இடத்தில் நின்றுகொண்டு, 'ஒன்றுமே இல்லையே' என்பார்கள். சாஃபிஞ்ச், பிராம்ப்ளிங் போன்ற சிறு பறவைகள் விடியலிலிருந்து சில மணி நேரம்தான் பெருங்கூட்டமாகத் தலைக்கு மேல் போகும். பருந்துகளுக்கோ தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழ வேண்டும். எனவே இருட்டோடு நாபெனுக்குப் போய்விட்டு, முன்பகலில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஸ்கனூர் புதர்வெளிக்கு நகர வேண்டும். வெறும் மணல்மேட்டில் ஒரே இடத்தில் நாள் முழுதும் நிற்பதில் அர்த்தமில்லை.

காற்றைப் பற்றியும் பலருக்குத் தலைகீழான எண்ணம். பறவைக்குச் சாதகமான பின்காற்று நமக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். பின்காற்றில் அவை மிக உயரத்தில், பரந்த முகப்பில் போய்விடும். மிதமான தென்மேற்குக் காற்று எதிரே வீசும்போதுதான் தாழ்வாக, கரையை ஒட்டி வந்து, டென்மார்க்கை நோக்கிக் கடலைத் தாண்டத் தயங்கிச் சுற்றும். முகத்தைப் பார்க்கும் உயரம் அது.

அங்கே பெயர் மாறிப்போவது பெரும்பாலும் தேன்பருந்துக்கும் சாதாரண பஸார்டுக்கும்தான். நிறத்தை நம்பாதீர்கள், இரண்டுமே பல நிறங்களில் வரும். வட்டமிடும்போது தேன்பருந்து இறக்கையைத் தட்டையாக விரித்திருக்கும். கழுத்து மெலிந்து முன்னே நீண்டு தெரியும், வாலும் நீளம். பஸார்டு இறக்கையைச் சற்று மேலே தூக்கி வைத்திருக்கும், தலை குட்டையாகத் தோளோடு ஒட்டியிருக்கும். தேதியும் கைகொடுக்கும்: தேன்பருந்தின் உச்சம் ஆகஸ்ட் கடைசி, பஸார்டுக்கு அக்டோபர். அக்டோபர் நடுவில் தேன்பருந்துக் கூட்டம் பார்த்ததாகச் சொன்னால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். நம்பக்கூடாது.

செப்டம்பர் முடிந்ததும் பொறியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவது விட்டில்காரர்களின் வருடாந்திரத் தவறு. விளக்கு ஓய்ந்தால் இனிப்பு இருக்கிறது. மலிவான சிவப்பு ஒயின் ஒரு லிட்டர், சர்க்கரை ஒரு கிலோ, லேசாகச் சூடுபண்ணிக் கரைத்து, பருத்திக் கயிற்றை அதில் ஊறப்போட்டு, அந்தி நேரத்தில் கிளைகளில் தொங்கவிட வேண்டும். இதையே ஜூலையில் செய்தால் பலன் குறைவு. பூக்களிலும் அசுவினி கசிந்த இலைகளிலும் இனிப்பு இலவசமாகக் கிடைக்கும்போது நம் ஒயினுக்கு யார் வருவார்கள்? ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை, பிறகு மீண்டும் ஏப்ரலில் வையுங்கள். செப்டம்பர் இரவில் அந்தக் கயிற்றில் நீலப் பட்டை போட்ட பின்னிறக்கையோடு கடோகாலா ஃப்ராக்ஸினி என்ற விட்டில் வந்து உட்கார்ந்தால் பார்த்தவர் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சுப் பேசமாட்டார்.

நவம்பரில் கையில் டார்ச் இருந்தால் போதும். ஓக், பிர்ச் மரத்தண்டுகளில் கீழிருந்து மேலாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். குளிர்கால அந்து என்ற விட்டிலின் ஆண்கள் உறைநிலையை ஒட்டிய குளிரிலும் பறக்கும். பெண்ணுக்கு இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குட்டைத் துண்டுகள்தான், அது தண்டில் ஏறிப்போகும். சிலந்தி என்று நினைத்துத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம், கால்களை எண்ணிப் பாருங்கள். இனிப்புக் கயிற்றில் யூப்சிலியா டிரான்ஸ்வெர்சா என்ற விட்டில் இருந்தால் டார்ச்சைத் தள்ளிப் பிடித்துக் கொஞ்சம் காத்திருங்கள். செம்பழுப்பு இறக்கையில் ஒரு புள்ளி, அதை ஒட்டி இரு பக்கமும் இரண்டு பொடிப்புள்ளி. கிளம்பும் முன் அது இறக்கையை விரிக்காமல் விடாமல் நடுக்கும். அந்த நடுக்கத்திலேயே மார்புத் தசையை முப்பது டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொண்டுதான் பறக்கும்.

இந்தக் குளிர்கால விட்டில்களின் புழுக்கள்தான் மே மாதத்தில் டிட் குஞ்சுகளுக்கும் பைடு ஃப்ளைகேட்சர் குஞ்சுகளுக்கும் சாப்பாடு. வடக்கே மலைப் பிர்ச் காடுகளில் எபிர்ரிட்டா ஆட்டும்னாட்டா என்ற விட்டிலின் புழுக்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை போலப் பெருகி, கோடை நடுவிலேயே காட்டை மொட்டையாக்கும். ஸ்வீடனின் அம்மர்நேஸில் 1963 முதல் நடக்கும் கணக்கெடுப்பில், புழு பெருகிய ஆண்டுகளில் பிராம்ப்ளிங்கும் கூடுவது தெரியவந்தது. பறவைக் குறிப்பேட்டையும் விட்டில் குறிப்பேட்டையும் தனித்தனி அலமாரியில் வைப்பதை நான் தவறு என்றே சொல்வேன்.

குளிர்காலத் தீனி மேடையைப் பற்றிச் சுருக்கமாக: சுத்தம் செய்யாத மேடை பறவைகளைக் கொல்லும். டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி 2008 வாக்கில் இங்கே பரவி கிரீன்ஃபிஞ்சுகளை வெகுவாகக் குறைத்தது. சில குளிர்காலங்களில் சால்மோனெல்லா புல்ஃபிஞ்சுகளையும் சிஸ்கின்களையும் தாக்கும், சோர்ந்த பறவையைத் தின்ற பூனைக்கும் வரும். தட்டையான பலகையில் தானியத்தைக் கொட்டினால் பறவைகள் அதிலேயே எச்சமிடும். குழாய் வடிவத் தீனிப்பெட்டி நல்லது. இறகை உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை தென்பட்டால் உடனே தீனியை நிறுத்தி எல்லாவற்றையும் கழுவ வேண்டும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஆந்தைகள் குரல் கொடுக்கத் தொடங்கும், கைப்பேசியோடு ஆட்களும் கிளம்புவார்கள். பதிவுசெய்த குரலைக் காட்டில் ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பது எளிது. ஆனால் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, குளிரில் சேமித்து வைத்த சக்தியை அது வீணாக்குகிறது. காற்றில்லாத இரவில் காட்டுப் பாதையில் அரை மணி நேரம் சும்மா நின்றாலே டெங்மால்ம் ஆந்தையைக் கேட்க வாய்ப்புண்டு. 'அல்லெமான்ஸ்ராட்டன்' என்ற பொதுநுழைவு உரிமையை எங்கும் நுழைய அனுமதி என்று படிப்பதும் இப்படித்தான். பறவைக் காப்பிடங்களில் கூடுகட்டும் மாதங்களில் நுழையத் தடை உண்டு, பலகையைப் படியுங்கள். ஸ்வீடனில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை விலங்குகள் வாழும் வெளியிடங்களில் நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடக் கூடாது. இயற்கைக் காப்பகங்கள் பலவற்றில் பூச்சி பிடிக்கவும் தடை இருக்கும்.

கடைசியாக, பார்த்ததை இணையதளங்களில் பதிவு செய்வது. ஸ்வீடனில் ஆர்ட்போர்ட்டாலன், நார்வேயில் ஆர்ட்ஸ்அப்செர்வாஷோனர், டென்மார்க்கில் பறவைகளுக்கு டிஓஎஃப்பேஸன். தேய்ந்துபோன விட்டிலின் மங்கலான படத்தைப் போட்டுவிட்டு இனப்பெயரை அடித்துச் சொல்லாதீர்கள். மெசாபமேயா, எபிர்ரிட்டா போன்ற பேரினங்களில் இனப்பெருக்க உறுப்பை ஆராயாமல் பல நேரம் இனம் பிரிக்க முடியாது, பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அரிய ஆந்தை, கழுகு இவற்றின் கூட்டு இடத்தைத் தளம் மறைத்துவிடும். அதையே நீங்கள் சமூக ஊடகத்தில் படத்தோடு போட்டால் மறைத்ததற்குப் பயனில்லை. விளக்குப் பொறிக்கு மட்டும் இரண்டு தேதி எழுதுங்கள்: விளக்கு போட்ட மாலை, பெட்டி திறந்த காலை. காலைத் தேதியை மட்டும் எழுதுகிறவர்களும் மாலைத் தேதியை மட்டும் எழுதுகிறவர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பின்னால் அந்த இரவின் காற்றையும் வெப்பத்தையும் தேடுகிறவருக்கு எந்த இரவு என்றே தெரியாமல் போகும்.