ஆஸ்திரியாவில் முதல் பனிச்சறுக்கு: ஊர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் நெருங்கினால் ஒரே கேள்விதான்: "செயின்ட் ஆன்டன் நல்லதா, இஷ்கல் நல்லதா?" கேட்பவர்களில் பாதிப் பேர் இதுவரை ஸ்கீயைக் காலில் மாட்டியதே இல்லை. கையுறை, சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், அவை இங்கே வேண்டாம். ஊரைத் தப்பாகப் பிடித்துவிட்டால் அதைப் பயணத்தின் நடுவில் திருத்த முடியாது.

கிலோமீட்டர் கணக்கில் மயங்குவது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி நடக்கிற தவறு இது, பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. செயின்ட் ஆன்டன் இருக்கும் ஆர்ல்பெர்க் பகுதியில் சுமார் 300 கி.மீ. சறுக்குத் தடம், சால்பாக் பக்கம் 270 கி.மீ. என்று படித்ததும் காசு கட்டிவிடுகிறார்கள். முதல் மூன்று நாளும் உங்களுக்குத் தேவை இருநூறு மீட்டர் பனிமேடும், மேலே ஏற்றிவிட ஒரு நகரும் பட்டையும் மட்டுமே. ஸ்கீ முனைகளை நெருக்கி, வால்பக்கத்தை விரித்து, கலப்பை போல வைத்து நிற்கப் பழகுவது அங்கேதான். நாலாம் நாள் ஒரு நீலத் தடம், அதாவது எளிதான தடம். வாரம் முடியும்போது இரண்டு மூன்று தடங்களை நிதானமாக இறங்கினால் அதுவே நல்ல தேர்ச்சி. மீதி 290 கி.மீ.க்கும் சேர்த்துத்தான் லிஃப்ட் பாஸில் காசு கொடுத்திருப்பீர்கள். பெரிய பகுதிகளில் ஒரு நாள் பாஸே 70 யூரோவைத் தாண்டுகிறது.

ஆஸ்திரியாவில் தடங்களுக்கு எளிதிலிருந்து கடினம் வரை நீலம், சிவப்பு, கறுப்பு என மூன்று நிறம். பிரான்ஸில் இருக்கும் பச்சை இங்கே கிடையாது. நீலத்தின் சரிவு பொதுவாக 25 சதவீதம் வரை, சிவப்பு 40 வரை. ஆனால் நிறம் சரிவை மட்டும்தான் சொல்லும், கூட்டத்தைச் சொல்லாது. செயின்ட் ஆன்டனில் மாலை நாலு மணிக்கு ஊருக்கு இறங்கும் பள்ளத்தாக்குத் தடத்தைப் பாருங்கள். வரைபடத்தில் அது நீலம். ஆனால் பகல் முழுதும் மலை மேல் இருந்த எல்லோரும் அதே ஒற்றை வழியில் இறங்குவதால் பனி குவியல் குவியலாகிவிடும், இடையிடையே பனிக்கட்டி தேய்ந்து பளபளக்கும். இருபுறமும் ஆட்கள் சீறிக்கொண்டு போக, கலப்பை பிடித்தபடி தொடை நடுங்க ஓரமாக நிற்பவர்கள் எல்லாம் முதல் வாரக்காரர்கள். அவர்களில் பலர் மறுநாள் ஸ்கீயைத் தொடுவதில்லை.

அதனால் வரைபடத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். பழகுமேடு எங்கே, ஊரிலேயா மலை மேலா? அதற்குத் தனி டிக்கெட் அல்லது ஏறும்போதெல்லாம் புள்ளி கழியும் அட்டை உண்டா, முழுப் பாஸும் வாங்க வேண்டுமா? மேலிருந்து ஊருக்கு நீலத் தடம் இருக்கிறதா? இல்லையென்றால் கேபிள் காரில் இறங்கலாமா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

இஷ்கலில் பழகுமேடு 2,320 மீட்டர் உயர இடால்ப்பில் இருக்கிறது. ஊருக்கு இறங்கும் தடங்கள் சிவப்பும் கறுப்பும், ஆகவே போக வர இரண்டுக்கும் கேபிள் கார்தான். மைர்ஹோஃபனில் சிக்கல் வேறு மாதிரி. தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது ஆஹோர்ன் மலை, நன்றாகச் சறுக்கத் தெரிந்த நண்பர்கள் போவது எதிர்ப்பக்கப் பெங்கன். மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சேர்வது கஷ்டம்.

ஸெர்ஃபாஸ், எல்மாவ் மாதிரி ஊர்களை முதலில் பாருங்கள். ஸெர்ஃபாஸில் ஊருக்கடியிலேயே இலவச ரயில் ஓடுகிறது, கனமான பூட்ஸோடு குழந்தையை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். எல்மாவில் பழகுமேடு ஊரை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து தேறிவிட்டால் ஸ்கீவெல்ட் என்ற சறுக்குப் பகுதியின் பெரிய பரப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது.

உயரத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பது

கிட்ஸ்பியூல் ஊர் 762 மீட்டரில் இருக்கிறது, செல் ஆம் ஸே 757. மார்ச் கடைசியில் அங்கே கீழ்த்தடங்கள் மதியத்துக்குள் கூழாகிவிடும். டிசம்பர் தொடக்கம், ஏப்ரல் என்றால் ஓபர்குர்கல் (1,930 மீட்டர்) அல்லது ஓபர்டவெர்ன் (1,740) பக்கம் போங்கள். அதற்காக எப்போதும் உயரமே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே மரம் இல்லாத இடத்தில் மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும், மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஜனவரியில் மரங்கள் நடுவே இறங்கும் தாழ்வான தடங்கள்தான் தொடக்கக்காரர்களுக்குப் பாந்தம்.

புதன்கிழமை போய் இறங்குவது

தொடக்கக்காரர்களுக்கான குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களன்று தொடங்கும். நடுவாரத்தில் போனால் தனி ஆசிரியர்தான், செலவு பல மடங்கு. சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, அன்று மாலையே பூட்ஸ் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கும்.

பிப்ரவரி பள்ளி விடுமுறை

வேண்டாம்.

வாடகைக் காரில் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டும் (விக்னெட்) குளிர்கால டயரும் இருக்கிறதா என்று கேட்காதது

சாவியை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

விசாவுக்காக எடுத்த காப்பீட்டை நம்பிக் கிளம்புவது

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விண்ணப்பிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பயண முகவர் எடுத்துத் தரும் மலிவான பாலிசிகளில் பனிச்சறுக்கு பெரும்பாலும் சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும். ஆஸ்திரியாவில் விளையாட்டு விபத்தில் ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனால் பில் உங்கள் பெயருக்கே வரும், அதுவும் ஆயிரக்கணக்கான யூரோவில். பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்து, குளிர்கால விளையாட்டும் மலை மீட்பும் எழுத்தில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். விமானம் ஜெர்மனியின் மியூனிக்கில் இறங்கினாலும், அதிக இரவுகள் ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலத்தில் என்றால் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்குத்தான் போக வேண்டும்.