தண்ணீர் இறங்காத பெர்த் மணல்: என் அனுபவம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், கடலை ஒட்டிய எங்கள் பகுதியில் உறைபனி விழாது. மழையெல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் போட்டுக் காய்ச்சும். போன கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றியும் கத்தரி மதியமானால் துவண்டுவிடும். கிளறிப் பார்த்தால் மேலே ஈரம், ஓர் அங்குலம் கீழே பொடிமணல்.

செடிகள் மக்கும்போது உண்டாகும் மெழுகு மணல்துகள்மேல் படிந்துவிடுகிறது. நன்றாகக் காய்ந்தபின் ஊற்றினால் தாமரை இலைமேல் நிற்பதுபோல நீர் முத்து முத்தாக நின்று, பக்கவாட்டில் ஓடிவிடும்.

மண்ணை நனைய வைக்கும் திரவம் நர்சரிகளில் கிடைக்கிறது. உடனே பலன் தெரியும், ஆனால் திரும்பத் திரும்ப வாங்கி ஊற்ற வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை. பென்டோனைட் களிமண் தூளையும் மக்கிய உரத்தையும் தூவி, ஒரு மண்வெட்டி ஆழத்துக்குப் புரட்டினேன். தூளை மேலே மட்டும் போட்டால் பிசுபிசுவென்று ஏடு கட்டிவிடும், கலப்பதுதான் வேலையே. அப்புறம் பூவாளியால் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து, தண்டை விட்டுத் தள்ளி வைக்கோல் பரப்பினேன்.

ஏப்ரலில் பட்டாணி, கொத்தமல்லி விதைத்தேன். கோடையில் சட்டென்று பூத்துவிடும் கொத்தமல்லி, குளிரில் நிதானமாகத் தழைத்தது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இங்கே தெளிப்பான் போடத் தடை; மழையே போதுமாக இருந்தது. செப்டம்பரில் தக்காளிக்கு முன் இன்னொரு சுற்று உரம் போட வேண்டும்.