உறுமுகிற ஸ்டெப்பர் மோட்டாரா? கனெக்டரைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் வீட்டில் சின்ன சிஎன்சி மெஷின் (கணினி சொல்கிறபடி வெட்டிச் செதுக்கும் மெஷின்) வைத்திருக்கிறீர்களா? மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே உதறி உறுமினால், உடனே புதுசுக்கு ஆர்டர் போட வேண்டாம். அதிலிருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்னப் படியாகத் திரும்பும் மோட்டார்) அவ்வளவு லேசில் சாகாது. நாலு வயர், இரண்டு காயில். ஒரு காயிலுக்கு மின்சாரம் போகாவிட்டாலே இப்படித்தான் ஆடும்.

நம் பக்கத்து உப்புக்காற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கனெக்டர் பின்னைத்தான். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே வயரைப் பின்னோடு நசுக்கிப் பிடித்த (கிரிம்ப்) இடம் பச்சை பூத்திருக்கும். பவரை அணைத்து, மோட்டார் வயரை டிரைவரிலிருந்து (மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் சர்க்யூட்) கழற்றி, அந்த முனையில் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே அளவு, சில ஓம், காட்ட வேண்டும். வயரை ஆட்டும்போது எண் குதித்தால் கோளாறு அங்கேதான். பின்னைச் சுரண்டிச் சமாளிப்பதைவிட வெட்டிவிட்டுப் புதுசு போடுவது மேல்.

அளவு சரியாக இருந்தால், எக்ஸ், ஒய் (இடவலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்தும்) மோட்டார் வயர்களை டிரைவரில் இடம் மாற்றிப் போடுங்கள். அதே மோட்டார்தான் உறுமுகிறது என்றால் மோட்டாரோ வயரோ போயிருக்கிறது. இன்னொன்று உறுமினால் டிரைவர். இதையும் பவரை அணைத்துவிட்டே செய்யுங்கள். ஓடும்போது பிடுங்கினால் நல்ல டிரைவரும் புகைந்துவிடும்.

அப்புறம், மோட்டார் சூடாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். சும்மா நிற்கும்போதும் அதில் கரன்ட் ஓடும்.