இங்கிலாந்தின் பழைய ஆம்ஸ்ஹவுஸ் ஒன்றின் வரலாற்றைத் தேடுவது எப்படி

ஏழை முதியவர்களுக்காகக் கட்டப்பட்ட இந்தத் தர்ம இல்லங்களில், வாசலுக்கு மேல் கல்வெட்டு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். நிறுவியவர் பெயரும் ஆண்டும் கிடைக்கும். ஆனால் ஆண்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. இடித்துக் கட்டியபோது வைத்த கல்லாகவும் இருக்கலாம்.

அடுத்து நிறுவியவரின் உயில். 1858க்கு முன் உயில்கள் பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றங்கள் வழியாகவே போயின. வசதி படைத்தவர்களுடையது பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் இருக்கும். அந்தப் பதிவேடுகள் இப்போது லண்டன் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உயிலில் கட்டடத்தைவிட வருமானத்தைக் கவனியுங்கள், இல்லத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. நிலத்தை எழுதி வைத்திருந்தால் குத்தகைப் பணம் காலப்போக்கில் உயர வாய்ப்புண்டு. 'ஆண்டுக்கு இத்தனை பவுண்டு' என்று நிலையான தொகையாக எழுதியிருந்தால், விலைவாசி ஏற ஏற முதியவர்களின் படி கரைந்துபோயிருக்கும்.

1540களில் தடம் அறுந்தால் 1547ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். இறந்தவர்களுக்கான பிரார்த்தனை அறக்கட்டளைகளை அது கலைத்தது. அவற்றோடு பிணைந்திருந்த சில இல்லங்களும் அதில் அடிபட்டன.

பிறகு, 1818இல் தொடங்கிய அறக்கட்டளை விசாரணை ஆணையத்தின் அறிக்கைகள். சொத்து, வரவு, அறங்காவலர்களின் அலட்சியம் எல்லாம் ஊர்வாரியாகப் பதிவாகியிருக்கும். இதைத் தவறவிடவே கூடாது.

குடியிருந்தவர்களை அறிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். 1841இல் பெரியவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள்: 74 என்பது 70 ஆகிவிடும். சரியான வயதுக்கும் பிறந்த ஊருக்கும் 1851ஐப் பாருங்கள்.